பைடனா டிரம்பான்னு சண்டை போட்டீங்க சரி, அந்த 50 டாலர ஏன் ஒரே வரில முடிச்சிட்டீங்க?

இந்த தடவை எடுத்துக்கிட்டது டெக்சாஸ்லேர்ந்து வந்த ஒரு லெட்டர். பேரு, கம்பெனி எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஆள் அடையாளம் தெரியக்கூடிய ஒண்ணு ரெண்டு விஷயத்தையும் மாத்திட்டேன்.

எழுதினவருக்கு 43 வயசு, திருநெல்வேலி பக்கம் சொந்த ஊர், டல்லாஸ் பக்கத்துல ஐடி வேலை, 2014லேர்ந்து எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு க்யூல நின்னுட்டே இருக்கார். மனைவிக்கு எச்-4, அதாவது எச்-1பில இருக்கறவங்க குடும்பத்துக்கு தர்ற விசா, வேலைக்கு போகல, வீட்ல ஒரே சம்பளம். மூத்த பையன் ஊர்ல பிறந்தவன், சின்ன பொண்ணு 2017ல இங்க பிறந்தவ. அக்காவும் அத்தானும் அரை மணி நேர டிரைவ்ல இருக்காங்க, அவங்க சிட்டிசன் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு. அக்கா பையன் இங்கயே பிறந்து வளர்ந்து ஆர்மில சேர்ந்தவன், 2021 ஆகஸ்ட்ல காபூல் ஏர்போர்ட்ல ட்யூட்டில இருந்தவன், இப்ப ஆர்மிய விட்டு வந்துட்டான்.

இந்த பொங்கலுக்கு எல்லாரும் அக்கா வீட்ல இலை போட்டு சாப்பிட்டுட்டு இருந்திருக்காங்க. டாக்ஸ் ஃபைலிங் பேச்சு எடுத்தது யாருன்னு தெரியல, அது பைடன்கிட்ட போயி, அங்கேர்ந்து ஆப்கானிஸ்தானுக்கு போயி, அத்தான் அவர் பங்குக்கு டிரம்ப திட்ட, நம்மாளு சத்தமா, "அது அந்த கிழவன் ஒருத்தன் எடுத்த முடிவு, டிரம்ப் இருந்திருந்தா படை அங்கயே இருந்திருக்கும், எல்லாரும் வாலை சுருட்டிட்டு ஓடி வந்தீங்க"ன்னு சொல்லிட்டார். பையன் ஒண்ணும் பேசல. இலைய மூடாம அப்படியே எழுந்து கைய கழுவிட்டு கார எடுத்துட்டு போயிட்டான். அதுலேர்ந்து மாமா போன் பண்ணா எடுக்கறதில்ல.

இது போதாதுன்னு அடுத்த வாரமே ஆஃபீஸ் டீம்ஸ் க்ரூப்ல, முன்னாடி மிலிட்டரில இருந்த ஒரு கொலீக்கிட்டயும் இதே வாதம், கிட்டத்தட்ட இதே வார்த்தை, எச்.ஆர்.லேர்ந்து வார்னிங் மெயில் வந்திருக்கு. இவரோட கேள்வி மூணு. ஆப்கானிஸ்தான்லயும் டாக்ஸ்லயும் நான் சொன்னது சரியா அத்தான் சொன்னது சரியா, பேச்சு சுதந்திரம் இருக்கற நாட்டுல எச்.ஆர். எப்படி என்னை கேக்கலாம், அக்கா பையன் விஷயத்துல என்ன பண்றது. நடுவுல போற போக்குல ஒரு வரி: "கோவத்துல அன்னிக்கு நைட்டே என் கட்சி கேம்பெயினுக்கு ஆன்லைன்ல 50 டாலர் போட்டேன்."

தம்பி, நீங்க கேக்காத அந்த நாலாவது விஷயத்துலேர்ந்துதான் நான் ஆரம்பிக்கணும்.

அந்த 50 டாலர்

எச்-1பில இருக்கறவங்க இந்த நாட்டு எலெக்‌ஷனுக்கு காசு குடுக்கக்கூடாது. பிரெசிடென்ட் எலெக்‌ஷன் மட்டும் இல்ல, மாநிலம், சிட்டி கவுன்சில், ஸ்கூல் போர்டு எதுக்கும் கூடாது, ஒரு டாலர்னாலும் அதே ரூல்தான். கிரீன் கார்டு கைக்கு வந்தவங்க குடுக்கலாம், க்யூல நிக்கறவங்க குடுக்க முடியாது. நிறைய பேர் "நான் 12 வருஷமா டாக்ஸ் கட்றேன், எனக்கு என்ன தடை"ன்னு கேப்பாங்க, நியாயமான ஆதங்கம்தான், ஆனா சட்டம் பாக்கறது உங்க ஸ்டேட்டஸ, உங்க டாக்ஸ இல்ல.

எனக்கு தொகைய விட பெரிய கவலை அந்த டிக் பாக்ஸ். இந்த மாதிரி பேஜ்ல எல்லாம் பணம் போகறதுக்கு முன்னாடி "நான் அமெரிக்க சிட்டிசன் அல்லது பெர்மனென்ட் ரெசிடென்ட்"னு ஒரு உறுதிமொழி இருக்கும், படிக்காம டிக் பண்ணிட்டு போயிருப்பீங்க. சிட்டிசன் இல்லாத ஒருத்தர் தன்னை சிட்டிசன்னு பொய்யா சொல்லி சட்டப்படி ஏதாவது பலன் எடுத்தா, இமிக்ரேஷன் சட்டத்துல அது கிட்டத்தட்ட நிரந்தரமா கதவ சாத்தற விஷயம். உங்க 50 டாலர் அதுல வருமான்னு கேட்டா, வராதுன்னு வாதாட நிறைய இடம் இருக்கு, குறிப்பா அந்த பாக்ஸ்ல "அல்லது" இருந்திருந்தா. ஆனா வாதாடற நிலைமைக்கே போக வேண்டாமே. அதனால இன்னிக்கே அந்த பேஜ திறந்து உறுதிமொழி வாசகத்த ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, ரசீது மெயில எடுத்து வைங்க, கேம்பெயினுக்கு "நான் தகுதி இல்லாதவன், தெரியாம குடுத்துட்டேன், ரீஃபண்ட் பண்ணுங்க"ன்னு மெயில் போடுங்க, போன்ல சொல்லி விட்டுறாதீங்க, எழுத்துல இருக்கணும். அப்புறம் உங்க கிரீன் கார்டு கேஸ பாக்கற வக்கீல்கிட்ட இத ஒளிக்காம சொல்லுங்க. கம்பெனி வச்சிருக்கற வக்கீல் கம்பெனிக்கும் வேலை பாக்கறவர்ங்கறத மறக்காதீங்க, ஒரு மணி நேரத்துக்கு காசு குடுத்து தனியா ஒருத்தர பாத்தா நிம்மதி.

சம்பளம் வாங்காம வாலன்டியரா போகலாம், கூட்டத்துக்கு போகலாம், வீட்டு முன்னாடி போர்டு வைக்கலாம், அதெல்லாம் தப்பில்ல. காசுதான் கூடாது. ஓட்டும் கூடாது, அது உங்களுக்கே தெரியும், ஆனா லைசென்ஸ் ரினியூவலுக்கு போகும்போது வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் பத்தி ஒரு கேள்வி வரும், கவுன்ட்டர்ல இருக்கறவங்க அவசரப்படுத்தினாலும் படிச்சுட்டு "நோ" போடுங்க.

எச்.ஆர். மெயிலும் பேச்சு சுதந்திரமும்

ஃபர்ஸ்ட் அமெண்ட்மென்ட், அதாவது பேச்சு சுதந்திரத்த காக்கற அரசியல் சட்ட திருத்தம், கட்டிப்போடறது அரசாங்கத்த. உங்க கம்பெனி அரசாங்கம் இல்ல. டெக்சாஸ்ல பிரைவேட் கம்பெனி, சட்டம் தனியா தடுத்திருக்கற காரணங்கள தவிர, எதுக்கு வேணா வேலைய விட்டு எடுக்கலாம், அரசியல் கருத்து அந்த தடுத்த லிஸ்ட்ல இல்ல. கலிபோர்னியால இருக்கற உங்க ஃப்ரெண்டு "அரசியலுக்காக எல்லாம் எடுக்க முடியாது"ன்னு சொன்னாருன்னு எழுதியிருக்கீங்க, அங்க அப்படி ஒரு மாநில சட்டம் இருக்கு, அவருக்கு அது ஓரளவு சரி, உங்களுக்கு இல்ல.

இன்னொண்ணு, நீங்க பேசினது ஒரு எக்ஸ்-சர்வீஸ்மேன்கிட்ட. மிலிட்டரில இருந்தத வச்சு ஒருத்தர வேலை இடத்துல பாரபட்சமா நடத்தக்கூடாதுன்னு தனி ஃபெடரல் சட்டமே இருக்கு. நீங்க போட்ட மெசேஜ படிச்சேன், பைடன் கொள்கைய விமர்சிச்சது பாதி, மிச்ச பாதி "உங்க ஆர்மி"ன்னு அந்த மனுஷன பாத்து சொன்னது. எச்.ஆர். பயப்படறது அந்த ரெண்டாவது பாதிக்குத்தான், நான் அவங்க வக்கீலா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வேலை போச்சுன்னா உங்களுக்கு அதிகபட்சம் 60 நாள், அதுக்குள்ள வேற கம்பெனி எச்-1பி ஃபைல் பண்ணணும், இல்ல ஸ்டேட்டஸ மாத்தணும், இல்ல கிளம்பணும். உங்க கொலீக் அதே சண்டைய போட்டு வேலை போனா நாள் கணக்கு இல்லாம வீட்ல உக்காந்து வேற வேலை தேடலாம். சண்டை ஒண்ணுதான், உங்களுக்கு ஆகற செலவு வேற. அதுவும் இல்லாம 2025 டிசம்பர் 15லேர்ந்து எச்-1பி, எச்-4 விசாவுக்கு அப்ளை பண்றவங்களோட சோஷியல் மீடியாவையும் பாக்கறாங்க, ஊருக்கு போயி சென்னைல விசா ஸ்டாம்பிங் எடுக்கற எண்ணம் இருந்தா அதையும் மனசுல வச்சுக்குங்க. அதுக்காக வாய தைச்சுக்கிட்டு இருங்கன்னு சொல்லல.

எச்.ஆர்.க்கு ரெண்டு வரி போதும்: மெயில் கிடைச்சது, அந்த மெசேஜோட தொனிக்கு வருந்தறேன், இனி ஆஃபீஸ் சேனல்ல இது வராது. ஃபர்ஸ்ட் அமெண்ட்மென்ட்னு எழுதி வச்சிருக்கற அந்த ட்ராஃப்ட அனுப்பவே அனுப்பாதீங்க. பழைய மெசேஜ டெலீட்டும் பண்ணாதீங்க, அவங்ககிட்ட காப்பி இருக்கும், நீங்க அழிச்சா அதுதான் புது குத்தம் ஆகும்.

ஆப்கானிஸ்தான்: கையெழுத்து யாரோடது, நடத்தினது யாரு

இப்ப உங்க முதல் கேள்வி. ரெண்டு பேர் சொன்னதுலயும் பாதி பாதி இருக்கு, மழுப்பறேன்னு நினைக்காதீங்க, தேதிய வரிசையா வச்சு பாப்போம்.

வெளிய வர்றோம்னு தாலிபானோட ஒப்பந்தம் போட்டது 2020 பிப்ரவரி 29, கத்தார் தலைநகர் தோஹாவுல, டிரம்ப் ஆட்சில. 14 மாசத்துல, அதாவது 2021 மே 1க்குள்ள எல்லா அமெரிக்க படையும் வெளியேறணும். அந்த ஒப்பந்தத்துல ஆப்கான் அரசாங்கம் கையெழுத்தே போடல, ஆனா அவங்க சிறைலேர்ந்து 5,000 தாலிபான் கைதிங்க வரைக்கும் விடணும்னு அதுல இருந்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல, மிச்சம் இருக்கற வீரர்கள் கிறிஸ்துமஸுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்னு ட்விட்டர்ல போட்டவரும் டிரம்ப்தான். 2021 ஜனவரில அவர் இறங்கும்போது அங்க மிச்சம் இருந்தது சுமார் 2,500 பேர். பைடன் ஏப்ரல்ல தேதிய தள்ளி வச்சப்ப கூட, வெளிய வர்றது நல்ல விஷயம்தான், மே 1ஐ ஒட்டியே முடிக்கணும்னு டிரம்ப் அறிக்கை விட்டார். அதனால "டிரம்ப் இருந்திருந்தா படை அங்கயே இருந்திருக்கும்"ங்கற உங்க வாதத்துக்கு அவரே சாட்சி சொல்ல வரமாட்டார்.

அத்தான் சொன்னதுக்கு வருவோம். "பைடன் கைய கட்டிப்போட்டுட்டு போயிட்டாங்க, அவர் என்ன பண்ணுவார்"ன்னு சொல்லியிருக்கார். அது அவ்வளவு சரியில்ல. பதவி ஏத்த அன்னிக்கே பாரிஸ் க்ளைமேட் ஒப்பந்தத்துல திரும்ப சேர கையெழுத்து போட்டவர் பைடன், முந்தின ஆள் முடிவ மாத்த தெரியாதவர் இல்ல. படைய எங்க வைக்கறது, எப்ப எடுக்கறதுங்கறதுல பிரெசிடென்ட்தான் கமாண்டர் இன் சீஃப், அவர் சொல்றதுதான். 2,500 பேர வச்சிருக்கலாம்ங்கறதுதான் தங்களோட கருத்தா இருந்துச்சுன்னு அப்ப ராணுவத்துல உயர் பதவில இருந்த ஜெனரல் மில்லியும் ஜெனரல் மெக்கன்சியும் 2021 செப்டம்பர்ல செனட்ல வெளிப்படையா சொன்னாங்க. பைடன் பக்கம் இருந்த வாதம் என்னன்னா, தோஹாவுக்கு அப்புறம் தாலிபான் அமெரிக்க வீரர்கள அடிக்காம இருந்ததே கிளம்பறாங்கங்கற நம்பிக்கைலதான், மே 1 தாண்டி தங்கிட்டா திரும்ப போர், திரும்ப ஆள் அனுப்பணும். லேசுல தள்ளிவிடற வாதம் இல்ல அது.

என் கருத்து கேட்டா, வெளிய வரணுமாங்கறதுல ரெண்டு பிரெசிடென்ட்டும் ஒரே பக்கம், அதுல பைடன மட்டும் திட்டறது நியாயமில்ல. எப்படி வந்தாங்கங்கறதுல பைடன் பதில் சொல்லியே ஆகணும். ஜூலை ஆரம்பத்துல பாக்ராம்ங்கற பெரிய விமானப்படை தளத்த ராத்திரியோட ராத்திரியா விட்டுட்டு வந்தாங்க, அங்க பொறுப்பேத்த ஆப்கான் ஜெனரலுக்கே அவங்க போனப்புறம்தான் தெரிஞ்சுது. ஜூலை 8 அன்னிக்கு தாலிபான் நாட்ட பிடிக்கறது தவிர்க்க முடியாத விஷயம் இல்லன்னு பைடன் சொன்னார், ஆகஸ்ட் 15 காபூல் விழுந்துச்சு. ஆகஸ்ட் 26 ஏர்போர்ட் ஆபி கேட்ல குண்டு வெடிச்சு 13 அமெரிக்க வீரர்களும் சுமார் 170 ஆப்கான் மக்களும் செத்தாங்க. மூணு நாள் கழிச்சு தீவிரவாதின்னு நினைச்சு ட்ரோன்ல அடிச்சதுல செத்தது 10 பொதுஜனம், அதுல 7 குழந்தைங்க, தப்புன்னு பென்டகன் ஒத்துக்க செப்டம்பர் 17 ஆச்சு. இதெல்லாம் தோஹா பேப்பர்ல எழுதியிருந்தது இல்ல. அதே நேரத்துல அந்த ரெண்டு வாரத்துல 1,20,000 பேருக்கு மேல அந்த ஒத்தை ரன்வேலேர்ந்து வெளிய கொண்டு வந்ததும் நடந்துச்சு, அத பண்ணினது வெள்ளை மாளிகை இல்ல, உங்க அக்கா பையன் மாதிரி இருபத்தி சொச்சம் வயசு பசங்க.

டாக்ஸ்: இங்க கதை வேற

படைய எடுக்க பிரெசிடென்ட் ஒருத்தர் சொன்னா போதும். டாக்ஸ் அப்படி இல்ல, ஹவுஸ்ல ஆரம்பிச்சு செனட் தாண்டி கடைசில கையெழுத்துக்குத்தான் அவர்கிட்ட வரும். நீங்க ரெண்டுத்தயும் ஒரே மாதிரி "பைடன் பண்ணினார்"னு பேசறீங்க, அங்கதான் சறுக்கறீங்க.

"2022ல பைடன் என் டாக்ஸ ஏத்திட்டார், ரீஃபண்ட் பாதியா போச்சு"ன்னு எழுதியிருக்கீங்க. நீங்க அனுப்பின ரெண்டு வருஷ ரிட்டர்ன பாத்தேன். உங்க ரேட் ஏறவே இல்ல. 2021 மார்ச்ல பைடன் கையெழுத்து போட்ட சட்டத்துல சைல்ட் டாக்ஸ் கிரெடிட்ட, அதாவது குழந்தைக்குன்னு வரில குடுக்கற சலுகைய, அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் ஏத்தினாங்க, 6 வயசுக்கு கீழ 3,600 டாலர், அதுக்கு மேல 17 வரைக்கும் 3,000. உங்க பொண்ணுக்கு அப்ப 4 வயசு, 3,600 வந்துச்சு. அடுத்த வருஷம் அது பழையபடி 2,000. நீட்டிக்கணும்னு பைடன் கேட்டார், 50-50 செனட்ல அவர் கட்சி செனட்டர் மேன்சினே முடியாதுன்னுட்டார், அதோட முடிஞ்சுது. ஏறின டாக்ஸ் இல்ல, நின்னு போன சலுகை. கைல வர்ற காசு குறைஞ்சா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், அது புரியுது.

உங்க மூத்த பையன் விஷயம்தான் எனக்கு பாவமா இருந்துச்சு. "அவனுக்கு மட்டும் ஏன் 500தான் வருது, இதுவும் பைடன் வேலையா"ன்னு கேட்டிருக்கீங்க. இல்ல தம்பி. அவன் எச்-4, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கிடையாது, டாக்ஸ் கட்டறதுக்கு மட்டும் குடுக்கற ஐடின் நம்பர்தான். 2017 வரைக்கும் ஐடின் இருந்தாலும் அப்ப இருந்த 1,000 டாலர் வந்திருக்கும், உங்க பழைய ரிட்டர்ன்ல பாருங்க இருக்கும். 2017 டிசம்பர்ல டிரம்ப் கையெழுத்து போட்ட சட்டம்தான் குழந்தைக்கு சோஷியல் இருந்தாதான் கிரெடிட்னு மாத்தி, இல்லாதவங்களுக்கு 500னு வச்சது. பைடன் காலத்துல அத திருப்பி மாத்தல, அதையும் சொல்லிடறேன்.

அத்தான் சொன்ன "டிரம்ப் சட்டம் பணக்காரனுக்கு மட்டும்"ங்கறதும் முழுசா நிக்காது. கம்பெனிங்களுக்கு 35 சதவீதத்த 21ஆ ஆக்கி அத நிரந்தரமா குடுத்துட்டு, தனிமனுஷங்களுக்கு குடுத்தத மட்டும் 2025 வரைக்கும்னு வச்சாங்க, அந்த கோவம் நியாயம். ஆனா 25 சதவீத ஸ்லாப் 22 ஆனதுல உங்க மாதிரி சம்பளக்காரங்களுக்கும் மிச்சம்தான். அத்தானுக்கு வலிச்ச இடம் வேற, வீட்டு பிராப்பர்ட்டி டாக்ஸ கழிக்கறதுக்கு அந்த சட்டம் வச்ச 10,000 டாலர் உச்சவரம்பு. 2025 ஜூலை 4 சட்டத்துல அத 40,000 ஆக்கிட்டாங்க, இந்த ஏப்ரல் 15க்கு முன்னாடி அவர ஒரு தடவை ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனா ஐட்டமைஸ் பண்றதான்னு (ஒரே தொகையா கழிக்கறதா, செலவ தனித்தனியா காட்டி கழிக்கறதா) கணக்கு போட்டு பாக்க சொல்லுங்க. சண்டைக்கு அப்புறம் பேச ஒரு சாக்கும் ஆச்சு.

அம்மாவுக்கு அனுப்பற காசுக்கு 5 சதவீதம் வரின்னு பயந்திருக்கீங்க. முதல்ல 5னு பேச்சு வந்துச்சு, ஹவுஸ்ல 3.5 ஆச்சு, கடைசில சட்டமா வந்தது 1 சதவீதம், அதுவும் 2026 ஜனவரிலேர்ந்து கேஷ், மணி ஆர்டர், கேஷியர்ஸ் செக் குடுத்து அனுப்பினாதான். பேங்க் அக்கவுன்ட்லேர்ந்தோ டெபிட் கார்டுலேர்ந்தோ அனுப்பினா கிடையாது. நீங்க ஆப்லதான் அனுப்பறீங்க, விடுங்க.

அக்கா பையன்

இதுக்கு சட்டத்துல பதில் இல்ல, நான் கவுன்சிலரும் இல்ல. ஆனா உங்க லெட்டர்ல ஒரு வார்த்தை கண்ல உறுத்திட்டே இருக்கு. "ஓடி வந்தாங்க"ன்னு சொல்லியிருந்தீங்கன்னா அது அரசியல். நீங்க சொன்னது "ஓடி வந்தீங்க". அந்த பந்தில அங்க போயி வந்தவன் அவன் ஒருத்தன்தான்.

அவன் காபூல பத்தி வீட்ல பேசினது ஒரே ஒரு தடவைன்னு அக்கா சொன்னதா எழுதியிருக்கீங்க, கேட்டுக்கு வெளிய இருந்த சாக்கடை தண்ணில இடுப்பளவு நின்னுக்கிட்டு ஜனங்க பிளாஸ்டிக் கவர்ல போட்ட பேப்பர தலைக்கு மேல தூக்கி காட்டிட்டே இருந்தாங்க, யார உள்ள விடறதுங்கறத 21 வயசு பசங்க நாங்க முடிவு பண்ணினோம்னு. இத சொன்ன பையன்கிட்டதான் நீங்க தோஹா யார் போட்டதுன்னு ஜெயிக்க பாத்தீங்க. மேல நான் குடுத்த தேதிங்கள எடுத்துட்டு போயி அவன்கிட்ட விளக்காதீங்க, அது அத்தானுக்கு.

போன் எடுக்கலன்னா வாய்ஸ் மெசேஜ் போடுங்க, வாட்ஸப் ஃபார்வர்டு எதுவும் சேர்க்காம. "நான் சொன்னது தப்பு, உன்ன சொல்லிட்டேன்"னு மட்டும், பைடன் பேரே வேண்டாம். பதில் வரலன்னா ரெண்டு வாரம் விடுங்க. அக்காகிட்ட தனியா ஒண்ணு சொல்லி வைங்க, அவன் தூங்காம இருக்கான், ஆளுங்கள ஒதுக்கறான்னு தோணினா 988க்கு போன் பண்ணி 1 அழுத்தினா எக்ஸ்-சர்வீஸ் ஆளுங்களுக்குன்னே 24 மணி நேரமும் பேச ஆள் இருக்காங்க, வீட்ல இருக்கறவங்களும் கூப்பிட்டு கேக்கலாம்.

அவன் இலைய மூடாமத்தான் எழுந்து போனான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. சித்திரை பொறப்புக்கு உங்க வீட்ல இலை போடுங்க, நீங்களே நேர்ல போயி கூப்பிடுங்க. அத்தானும் வருவார், அதனால டிவிய ஆஃப் பண்ணி வைங்க.